கோழிக் குலத்தில் முறை கண்டவர்
தோர்லைவ் ஷெல்டெரூப் எப்பே வரலாறு

கோழி வளர்ப்பார் இல்லாத தெரு நம் திருகோணமலையில் அரிது. காலையிற் கூடு திறந்து தவிட்டையும் குறுணலையும் முற்றத்தில் இறைத்தவுடன் பேடுகள் சிறகடித்து ஓடிவருவதை எல்லாருங் கண்டிருப்போம். முந்திவந்த பேடொன்று பக்கத்தில் நிற்பதன் தலையிலே வெடுக்கெனக் கொத்தும். கொத்துண்ட பேடு திருப்பிக் கொத்தாது ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் வேறொன்று நிற்கக் காணின், தான் அதனைக் கொத்தும். இக்காட்சியைக் கண்டு நகைத்து அப்பாற் சென்றோர், மனிதன் கோழியை வீட்டில் வைத்த நாள் தொட்டுக் கணக்கற்றவர். எந்தப் பேடு எந்தப் பேட்டைக் கொத்திற்று என்பதை நாடோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தவனோ பத்து வயதுச் சிறுவன் ஒருவன். அச்சிறுவனே பின்னாளில் விலங்கு நடத்தையை ஆராய்வோர் அனைவரும் பெயரறிந்த தோர்லைவ் ஷெல்டெரூப் எப்பே ஆயினன்.

விழா மலர்களிற் புலவர் வரலாறும் அடியார் வரலாறும் எழுதுதலே தமிழாசிரியர்க்கு வழக்கம். நாம் அவ்வழக்கினின்றும் சற்று விலகி, நோர்வே நாட்டு விலங்கியலார் ஒருவரை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நுணுக்குக் காட்டியும் ஆய்வுகூடமும் இன்றி, கண்ணும் பென்சிலும் பொறுமையும் மட்டுமே கொண்டு ஒருவர் புதுவதோர் உண்மையைக் காணலாகும் என்பதற்கு இவரினும் தெளிவான சான்றை நாம் அறியோம். அன்றியும், அவர் கோழிகளிடையே கண்ட முறை அவர் வாழ்விலேயே புகுந்து விளையாடிய விதம் கதை போன்றது.

எப்பே 1894 ஆம் ஆண்டில், அந்நாளிற் கிறிஸ்தியானியா எனப் பெயர் வழங்கிய ஒஸ்லோ நகரிற் பிறந்தார். தந்தையார் அக்ஸெல் எப்பே சுவீடன் நாட்டுச் சிற்பி; தாயார் மெங்கா ஷெல்டெரூப் நோர்வே நாட்டுச் சிற்பி. இருவர் பெயரையும் இணைத்தே மகன் பெயர் அமைந்தது. கல்லையும் மண்ணையும் உற்றுநோக்கி உருவம் காணும் பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளை உயிருள்ளவற்றை உற்றுநோக்கியதில் வியப்பில்லை. ஆறு வயதளவிலேயே கோழிகளின்மேல் அவனுக்குப் பற்று உண்டாயிற்று என்பர். பத்தாவது வயதிலிருந்து ஒழுங்காகக் குறிப்பெழுதத் தொடங்கினான். ஒவ்வொரு கோழியையும் தனித்தனி அடையாளங் கண்டான். கொண்டையின் வளைவு, இறகின் நிறம், நடையின் சாயல் ஆகியவை நமக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகமாயிற்று. இதுவே அவ்வாராய்ச்சியின் அடித்தளம் என்பதை மாணவர் கருத்தில் இருத்துதல் வேண்டும். கோழிகள் என்று பன்மையில் நோக்கும்வரை அங்கு முறை எதுவும் புலப்படாது. இந்தக் கோழி, அந்தக் கோழி என்று நோக்கிய பின்னரே புலப்படும்.

1913 இல், பத்தொன்பது வயது நிரம்புங் காலத்தில், கோழிகளின் குரல் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று நோர்வே மொழியில் வெளிவந்தது. பின்னர்ச் செருமனி நாட்டுக் கிரைவ்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக 1921 இல் அளித்த ஆய்வேட்டிலே, சிறுபருவந் தொட்டுச் சேர்த்த குறிப்புக்களையெல்லாம் திரட்டி அமைத்தார். அடுத்த ஆண்டில் அது செருமானிய உளவியல் ஏடொன்றில் வெளிவந்தது. வீட்டுக்கோழியின் சமூக உளவியல் என்பது அதன் பொருள். கோழிக்கு உளவியலா, அதிலும் சமூகமா என்று புருவம் உயர்த்தியோர் அந்நாளில் இருந்திருத்தல் கூடும்.

அவர் கண்டது யாது? ஒரு கூட்டில் வாழும் இரு பேடுகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்று கொத்தும்; மற்றது கொத்துண்ணும். இது நாளுக்கு நாள் மாறுவதன்று. முதன்முறை ஒன்றையொன்று சந்திக்குங் காலத்திலேயே, சண்டையிட்டோ, சண்டையின்றி ஒன்று அஞ்சி விலகுதலாலோ இது முடிவாகிவிடும்; முடிவானபின் நெடுங்காலம் நிலைக்கும். இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் முடிவு கண்டு அவற்றை அட்டவணைப்படுத்தினால், பெரும்பாலும் ஒரு படிவரிசை தோன்றும். முதற்படியில் நிற்பது எல்லாவற்றையும் கொத்தும், எதனாலும் கொத்துண்ணாது. கடைப்படியில் நிற்பது எல்லாவற்றாலும் கொத்துண்ணும், எதனையும் கொத்தாது. இடையில் நிற்பவை மேலுள்ளவற்றுக்கு அடங்கிக் கீழுள்ளவற்றை அடக்கும். இதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழிற் கொத்துமுறை எனலாம்.

இம்முறையில் உயர்ந்த இடம் பெறுவது வலிமை மிக்க பேடுதான் என்று எளிதாக முடிவு கட்டுவோர் பலர். எப்பே அவ்வாறு கூறவில்லை. முதற் சந்திப்பிலே ஒரு பேடு களைத்திருந்ததோ, நோயுற்றிருந்ததோ, தனக்குப் பழகாத முற்றத்தில் நின்றதோ, இளையதாய் அஞ்சியதோ என்பனவெல்லாம் முடிவைத் தீர்மானிக்கக் கூடும் என்று கண்டார். அந்த ஒரு பொழுதின் தளர்ச்சி பின்னர் மாதக்கணக்கில் அதனைப் பற்றிக்கொள்ளும். கோழி வளர்ப்போர், புதிதாக வாங்கிவந்த பேட்டைப் பகலிற் கூட்டத்தினிடையே விட்டால் அது படும் பாட்டை அறிவர். உடலில் வலிமை குன்றியதன்று அது. இடம் புதியது, துணையில்லை, அவ்வளவே.

மற்றொன்றும் அவர் கண்டார். வரிசை எப்பொழுதும் நேராக நிற்பதில்லை. முதலாவது பேடு இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவதோ முதலாவதைக் கொத்தும்! இத்தகைய முக்கோணங்கள் சில கூடுகளில் இருந்தன. தம் கொள்கைக்கு இடையூறாகத் தோன்றும் இதனை அவர் மறைக்கவில்லை, உள்ளவாறே எழுதிவைத்தார். ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய நேர்மை இதுவென நாம் மதிக்கிறோம்.

இம்முக்கோணத்தைப் பற்றிக் கணக்கில் விருப்புள்ள மாணவர் சற்றுச் சிந்திக்க. மூன்று பேடுகளிடையே மூன்று இணைகள். ஒவ்வோர் இணையும் இரு வகையில் முடியலாம் ஆகையால் மொத்தம் எட்டு வகை முடிவுகள். அவற்றுள் ஆறு நேர்வரிசையாகும், இரண்டு முக்கோணமாகும். எனவே நாணயஞ் சுண்டி முடிவு செய்தாற்கூட மூன்று பேடுகளில் நான்குக்கு மூன்று தடவை நேர்வரிசை வந்துவிடும். பத்துப் பேடுகளாயின் நிலைமை வேறு. இணைகள் 45. முடிவு வகைகளோ 35 இலட்சங் கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுள் முழு நேர்வரிசையாக அமைவன 36,28,800 மட்டுமே. அஃதாவது ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று. இருந்தும் உயிருள்ள கோழிக் கூட்டங்களில் நேர்வரிசையோ அதற்கு மிக அணியதோ திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஆகவே அங்கு தற்செயலுக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று தொழிற்படுகிறது. அது யாது என்ற வினா எப்பேக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞரை உறங்கவிடவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இனி அவர் வாழ்வுக்கு வருவோம். ஒஸ்லோவில் அவர் பயின்ற காலத்தில் அங்கு விலங்கியற் பேராசிரியராக விளங்கியவர் கிறிஸ்தீனே பொன்னெவி அம்மையார். 1912 இல் நோர்வேயின் முதற் பெண் பேராசிரியராக உயர்ந்தவர். உயிரணுக்களைப் பற்றியும் விரல்ரேகை மரபுவழி வருமாற்றைப் பற்றியும் அரிய ஆய்வுகள் செய்தவர். பெண்கள் கல்லூரி வாயிலை மிதித்தலே அரிதான காலத்தில் தம் அறிவாலும் உழைப்பாலும் மேற்படி அடைந்த அவ்வம்மையாரை நாம் இழித்துரைத்தல் தகாது. ஆயின் அவர்க்கும் எப்பேக்குமிடையே மனத்தாங்கல் உண்டாகி முற்றிற்று. அதன்பின் தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் எப்பேக்கு ஏறுதற்கு ஏணி கிடைக்கவில்லை. பட்டத்தை அயல்நாட்டிற் பெற்றமைக்கும் பின்னர் நிலையான பதவி வாயாமைக்கும் இப்பிணக்கைக் காரணமாகக் கூறுவர்.

கொத்துமுறையைக் கண்டவரே கொத்துண்டார் என்று இதனை நகைச்சுவையாகக் கூறுவது பிற்காலத்தார் வழக்கமாயிற்று. நாம் அந்நகைச்சுவையில் முழுதும் கலந்துகொள்ளோம். கோழிக்குக் கொத்துண்ணுதல் நேருக்கு நேர் நிகழ்வது. தன்னைக் கொத்தியது யார் என்பது அதற்குத் தெரியும். மனிதர் உலகிலோ, குழுவொன்று கூடி எழுதும் ஒரு கடிதம் போதும். விண்ணப்பித்தவர்க்கு எந்த அலகு தம்மைத் தீண்டியது என்றே தெரியாது. அவ்வகையிற் கோழிக்கூடு நம்முடையதினும் நாணயமான இடம்.

பதவியின்றியும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோழியோடு அமையாது பல பறவையினங்களின் ஒழுக்கத்தையும் ஆராய்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். பழைய விதைகள் எத்துணைக் காலம் முளைக்கும் ஆற்றலை இழவாது இருக்கும் என்பதையும் ஆராய்ந்து நூலெழுதினார். கவிதை நூல்களும் வெளியிட்டார். 1935 இல் அமெரிக்காவிலே மேர்ச்சிசன் என்பார் தொகுத்த சமூக உளவியற் பெருநூலிற் பறவைகளின் சமூக வாழ்வு என்னும் அதிகாரத்தை எழுதும் பொறுப்பு அவர்க்கு அளிக்கப்பட்டது. அவர் கருத்து ஆங்கிலம் அறிந்த உலகெங்கும் பரவுதற்கு அதுவே வாயிலாயிற்று. சொந்த ஊர் அளியாத இருக்கையைக் கடல் கடந்தோர் அளித்தனர்.

அவ்வதிகாரத்தில், முதற்படியினின்றும் வீழ்ந்த பறவையின் நிலையை அவர் வருணிக்கும் பகுதி நெஞ்சை உருக்குவது. உடலிற் காயம் ஏதுமில்லை. ஆயினும் சிறகு தொங்க, தலை மண்ணிற் சாய, அசைவற்றுக் கிடக்கும் என்று கூறுகிறார். நேற்றுவரை யாவற்றையும் அடக்கியாண்ட பறவை அது. கம்பராமாயணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு முதல் நாட் போரில் தோற்று வெறுங்கையுடன் இலங்கை புக்கானது நினைவு வாராதிராது.

எப்பே இத்துடன் நின்றிருந்தால் நமக்கு அவரிடத்து மாறுபாடு இல்லை. அவரோ மேலுஞ் சென்று, அடக்கியாளுதல் உயிர் அனைத்துக்கும், ஏன், உலகுக்கே அடிப்படை இயல்பு என்னும் பொருள்பட எழுதினார். கோழிக்கூட்டை வைத்துக் குவலயத்தை அளந்தார். ஐரோப்பாவிற் கொடுங்கோலர் தலையெடுத்த 1930களில் இத்தகைய கூற்று எவர் செவிக்கு இனிதாக ஒலித்திருக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. சிக்காகோவில் அதே கோழிகளை ஆராய்ந்த வாடர் கிளைட் அல்லி என்பார், போரை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவர், வேறு வகையாக எண்ணினார். கொத்துமுறை உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. விலங்குகள் ஒன்றுக்கொன்று துணையாய் வாழும் வாழ்வையும் அதனருகே வைத்து நோக்க வேண்டும் என்றார். நம் மனம் அல்லியின் பக்கமே சாய்கிறது. எனினும் கூட்டைத் திறந்து காட்டியவர் எப்பே என்பதை அல்லியும் மறந்தாரல்லர். 1939 இல் அல்லியும் அவர் மாணாக்கரும் கடைப்படிப் பேடுகள் சிலவற்றுக்குத் தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஆண் ஓமோனை ஊசிவழி ஏற்றினர். அவை மெல்லத் துணிவு பெற்று மேற்படிகளுக்கு ஏறின. படி என்பது பிறப்போடு எழுதப்பட்டதன்று என்பதற்கு இஃதொரு சான்றாயிற்று.

நாம் முன்னர் நிறுத்திவைத்த வினாவுக்கு 1951 இல் லாண்டௌ என்னும் கணிதவறிஞர் ஒரு விடை தந்தார். பேடுகளின் வலிமை வேறுபாட்டினால் மட்டும் இத்துணை ஒழுங்கான வரிசை தோன்றுமா என்று கணித்து, தோன்றுதல் அரிது எனக் கண்டார். பின்னையது யாது தோற்றுவிக்கும்? வென்றது மீண்டும் வெல்லும் துணிவு பெறுகிறது. தோற்றது மீண்டும் தோற்கும் அச்சம் பெறுகிறது. பக்கத்தில் நின்று பார்த்ததும் அதற்கேற்ப நடந்துகொள்கிறது. இச்சிறு நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பெற்று வரிசையாகின்றன. ஐவன் சேஸ் என்பாரும் அவர் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கிற்று. நந்நான்கு மீன்களை ஒரு தொட்டியில் விட்டு அவற்றிடையே வரிசை அமைந்தபின் அவற்றைப் பிரித்து, இரு வாரங் கழித்து, அதே மீன்களை மீண்டும் ஒன்றுகூட்டினர். மறுபடியும் நேர்வரிசையே பெரும்பாலும் அமைந்தது. ஆனால் மிகப் பல குழுக்களில் முன்னிருந்த வரிசை திரும்ப அமையவில்லை! வரிசை உண்டாவது உறுதி. அதில் எந்த மீன் எங்கு நிற்கும் என்பது உறுதியன்று.

வகுப்பறையிற் பல்லாண்டு நிற்கும் ஆசிரியர் எவர்க்கும் இச்செய்தி சும்மா கடந்துபோவதன்று. முதலாந் தவணையிற் குறைந்த புள்ளி பெற்றுப் பின்வரிசை வாங்கிற் சென்று அமரும் மாணவன், இரண்டாந் தவணையில் வினாவுக்கு விடை தெரிந்தும் கை உயர்த்துவதில்லை. அவன் தோழரும் அவன் உயர்த்துவான் என எதிர்பார்ப்பதில்லை. ஆசிரியரும் அவனை நோக்குவதில்லை. மூன்றாந் தவணையில் அவனுக்கு அறிவு மட்டு என்று எழுதிவிடுகிறோம். அதே பிள்ளைகள் வேறொரு பள்ளியில், வேறொரு நாளில், வேறொரு முறையில் முதன்முதற் சந்தித்திருப்பின் அந்த வாங்கில் யார் இருந்திருப்பார் என்று நாம் கேட்பதில்லை.

கோழியை விட்டு நம் கண்முன் நிற்கும் வேறு விலங்குகளுக்கு வருவோம். பிரெட்றிக் கோட்டை வாயிலினுட் புகுந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிற் புள்ளிமான்கள் திரிதலை இவ்வூரார் யாவரும் அறிவர். ஆண்மான்களிடையேயும் படிவரிசை உண்டு. ஜோர்ஜ் ஷாலர் என்பார் 1960களில் நடு இந்தியாவின் கானா காட்டிற் புள்ளிமான்களை ஆராய்ந்து, உடற் பருமனும் கொம்பின் அளவும் அவ்வரிசையைத் தீர்மானிப்பதைக் கண்டார். கொம்பு முற்றி உரோமத்தோல் உரிந்து கெட்டியாக நிற்கும் மான், தோல் மூடிய இளங்கொம்பினதை அடக்கும். கொம்போ ஆண்டுதோறும் உதிர்வது. உதிர்ந்தவுடன், நேற்று வழிவிட்ட மானுக்கு இன்று தான் வழிவிட்டு நிற்கும். கோட்டையுள்ள மான்களிடத்தும் இதனை நோக்கலாம். ஆண்மான்களின் கொம்பு எந்நிலையில் உள்ளது என்பதையும் எது எதற்கு விலகுகிறது என்பதையும் ஓராண்டு குறித்துவரும் மாணவன் ஒருவன் நம் கல்லூரியில் தோன்றுவானாயின், பத்து வயதில் எப்பே செய்ததையே அவனுஞ் செய்தவனாவான்.

நம் மாவட்டத்தை அடுத்துள்ள பொலன்னறுவையில் இன்னொரு வகை. அங்குள்ள செங்குரங்குகளை 1968 தொடக்கம் வொல்ப்காங் டிட்டஸ் என்பார் ஆராய்ந்தார். மேற்படிக் குரங்கு கீழ்ப்படிக் குரங்கை உணவுள்ள இடத்தினின்றும் எழுப்பிவிடும். அதன் கன்னப்பையில் அடக்கிய உணவையுங்கூடத் திறந்து எடுத்துக்கொள்ளும். உணவு அருகிய காலத்தில் முதலில் இறப்பன கீழ்ப்படியிலுள்ள இளங்குட்டிகள், அவற்றுள்ளும் பெண்குட்டிகள் மிகுதி. கோழிமுற்றத்தில் ஒரு கொத்தாகக் கண்டது இங்கு உயிரையே பறிக்கும் செய்தியாகிறது. யப்பானியக் குரங்குகளிடையே கவமுரா, கவாய் ஆகியோர் 1958 இல் வெளியிட்டதோ மேலும் வியப்பானது. அங்கு மகள் தாயின் படிக்கு அடுத்த படியைப் பெறுகிறாள். உடன்பிறந்தாருள் இளையவளே மூத்தவளுக்கு மேலே நிற்கிறாள். சண்டையில் தாய் இளையவளுக்குத் துணைநிற்றலே காரணம். வலிமையால் அன்று, பின்னால் யார் நிற்கிறார் என்பதால் வரும் படி இது. கல்லூரியிலும் கந்தோரிலும் இதற்கு ஒப்புக் காண்போர் தம் மனத்துள் வைத்துக்கொள்க.

எப்பே இவற்றுட் பலவற்றைத் தம் வாழ்நாளிலேயே கண்டார். அவர் 1976 இல், எண்பத்தோராம் வயதில், பிறந்த நகரிலேயே காலமானார். அவர் மகன் டாக் ஷெல்டெரூப் எப்பே இசையாராய்ச்சித் துறையில் இறங்கி, நோர்வேயின் பெரும் இசையறிஞர் எட்வட் கிரீக் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றார். தந்தை தேடியலைந்த நிலையான இடம் மகனுக்கு ஒஸ்லோவிலே வாய்த்தது. கொத்துமுறை என்னும் பொருள்படும் சொல் இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும், அலுவலகத்தையும் அரசியலையும் பற்றிப் பேசுவோர் வாயிலும் வழங்குகிறது. விலங்கியலார் தம் நூல்களில் அதன் வரலாற்றைச் சொல்லப் புகும்போது 1922 ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிட்டே தொடங்குகின்றனர்.